மூலையில்லாத காற்றாலை

காற்றாலையைக் காட்டுவதற்காக என் மனைவியை முதன்முதலாக அழைத்துச் சென்றபோது அவள் கேட்டது, துடைப்பத்தை எங்கே வைப்பது என்பதுதான்.

அவளைக் கோபுரத்துக்குள் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்லியிருந்தேன். தடித்த செங்கல் சுவர் வட்டமாக எழுந்து, மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் ஒரு மரத்தொப்பிக்குள் முடிந்தது. நடுவில், தரையிலிருந்து உச்சிவரை, ஆள் தொடையளவு கனத்தில் ஓர் இரும்புத் தண்டு. இறக்கைகள் இருந்த காலத்தில் அவற்றின் சுழற்சியைக் கீழே இருந்த பம்புக்குக் கொண்டுவந்தது அதுதான். மொத்தம் மூன்று தளம்; தண்டைச் சுற்றி உச்சிவரை திறப்பு விட்டிருந்தது. மேல் தளத்துச் சன்னலில் நின்றால் ஒரு பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம், மறுபக்கம் மேரு நகரின் தொழிற்சாலைக் கூரைகள். இதையெல்லாம் பார்த்து அவள் வாய்பிளப்பாள் என்று காத்திருந்தேன். அவள் சுவரை ஒட்டியே ஒரு சுற்று நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றாள்.

"மூலை எங்க?"

"வட்டமான கட்டடத்துல மூலை இருக்காதும்மா."

"அது எனக்குத் தெரியாதா? காலம் பூரா கணக்கு டீச்சரா இருந்து பிள்ளைங்களுக்கு அதைத்தானே சொல்லிக் குடுத்தேன். தொடப்பத்த எங்க சாத்தி வைக்கிறதுன்னு கேக்குறேன்."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. வீடு திரும்பும் வழியில் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் கார் நின்றபோது, அவள் தன் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அடுப்பு வைக்க எனக்கு ஒரு மூலை வேணும். தென்கிழக்கு மூலை. அது இருந்தா அங்க குடி வரேன். இல்லாட்டி நீங்க அங்க இருங்க, நான் நம்ம பிரிக்பீல்ட்ஸ் வீட்டுலயே இருந்துக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

அவள் மிரட்டவில்லை. கால அட்டவணை போடுகிறவள் குரலில்தான் சொன்னாள். அதனால்தான் எனக்கு உறைத்தது.

ஓய்வுபெற்றவர்கள் பலவிதமான தவறுகளைச் செய்கிறார்கள். சிலர் நேரடி விற்பனையில் சேர்ந்து உறவினர்களுக்குச் சோப்பு விற்கிறார்கள். சிலர் கோயில் கமிட்டியில் நிற்கிறார்கள். நான் காற்றாலை வாங்கினேன். ஓர் ஊராட்சி மன்றத்தின் கட்டட வரைபடப் பிரிவில் உத்தியோகம் பார்த்தவன் நான். என் மேசையில் வந்து விழுந்தவை எல்லாம் தொடர்வீடுகள். இருபத்திரண்டு அடி அகலம், எழுபது அடி நீளம், முன்னால் கார், பின்னால் அடுப்படி, ஒன்றைப் போலவே இன்னொன்று. வாழ்நாள் முழுக்கச் செவ்வகங்களுக்குக் கையெழுத்துப் போட்டவனுக்கு வட்டத்தின் மீது ஆசை வந்தால் அதைப் பெரிய குற்றமாகச் சொல்ல முடியாது.

அந்தக் கோபுரத்தைக் கட்டியவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. அப்போது அங்கே தென்னந்தோட்டம் இருந்ததாம். தாழ்வான நிலத்தில் தேங்கும் தண்ணீரை வாய்க்காலுக்கு இறைத்துவிட அவர் காற்றை நம்பினார். கிள்ளான் வட்டாரத்தில் காற்று என்பது மழைக்குச் சற்று முன்னால் தலைகாட்டிவிட்டுப் போகும் விருந்தாளி. அதை நம்பி இவ்வளவு செங்கல் அடுக்கியவரின் புத்தியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. சீக்கிரமே டீசல் இயந்திரம் வந்துவிட, கோபுரம் தேங்காய் மட்டை போடும் கிடங்காகி, பிறகு ஆட்டுக்கொட்டகையாகி, கடைசியில் யாருக்கும் வேண்டாத ஒன்றாக நின்றது. அதை வாங்கியவனின் புத்தியைப் பற்றி என் மனைவிக்கு நல்ல அபிப்பிராயம் இல்லாததில் வியப்பில்லை.

அனுமதி வாங்குவதைப் போராகவே நினைத்திருந்தேன். நிலத்தின் வகையை மாற்றுவது, திட்ட அனுமதி, கட்டட வரைபடம், தீயணைப்புத் துறையின் கருத்து, பாரம்பரியக் கட்டடம் என்பதற்கான ஒப்புதல். எந்த வாசலில் யார் எந்தக் காகிதத்தைக் கேட்பார்கள், எதை மறந்ததாகச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மேசைக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து நானே அதைச் செய்திருக்கிறேன். ஆகவே எல்லாவற்றையும் இரண்டிரண்டு பிரதியாக எடுத்துக்கொண்டு, மேல்முறையீட்டுக் கடிதத்தைக்கூட முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு அந்த வட்டாரத்து மன்ற அலுவலகத்துக்குப் போனேன்.

மேசைக்குப் பின்னால் என் மகள் வயதில் ஒரு தமிழ்ப்பெண் இருந்தாள். பக்கங்களைப் புரட்டினாள்.

"அங்கிள், எல்லாம் கரெக்டா இருக்கு. நீங்களே எல்லாத்தையும் பண்ணிட்டீங்க, எனக்கு வேலையே இல்ல லா."

"இன்னொரு தடவை பாரும்மா."

"பாத்துட்டேன் அங்கிள். நல்லா இருக்கு."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நாற்காலியை விட்டு எழவே மனம் வரவில்லை. அப்போதுதான் அந்தத் தவறைச் செய்தேன். என் துறைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. நிபந்தனை இல்லாமல் ஓர் அனுமதி வெளியே போவதை என்னால் தாங்க முடியாது. உப்பில்லாத சோறு மாதிரி. பழைய கட்டடம் ஒன்றுக்கு இவ்வளவு வெறுமையான அனுமதியா? அங்கேயே பேனாவை எடுத்து என் விண்ணப்பத்துக்கு நானே நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தேன். நடுத்தண்டு எக்காரணத்தாலும் அகற்றப்படாது. கோபுரத்தோடு ஒட்டி எந்தக் கட்டுமானமும் சேர்க்கப்படாது. இப்படி இன்னும் சில.

"இதெல்லாம் நாங்க கேக்கலையே, அங்கிள்?"

"கேட்டிருக்கணும்," என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே அவற்றையும் சேர்த்துக்கொண்டாள். வெளியே வந்து, நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் குடித்தேன். அன்று மிகவும் மனநிறைவாக இருந்தது.

தொல்லைகள் அதன்பிறகுதான் ஆரம்பமாயின. அவை எதற்கும் விதிமுறை கிடையாது.

கட்டட வேலையை எடுத்துச் செய்த குத்தகைக்காரர் கம்போங் மேடான்காரர். வேலை தெரிந்தவர், வாய் அதைவிட அதிகமாகத் தெரிந்தவர். என் மனைவியின் நிபந்தனையைச் சொன்னதும் அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"இது என்ன பெரிய சூசா, பாஸ்? ஒரு கஷ்டமும் இல்ல. உள்ளுக்கு நாலு செவுரு எழுப்பி டப்பா மாதிரி போட்டுருவோம். அக்காவுக்கு நாலு மூலை கெடச்சிரும்."

"அப்புறம் வட்டம் எங்கய்யா போகும்?"

"அது வெளிய இருக்கும். ஆசையா இருந்தா வெளிய போய்ப் பாத்துக்குங்க."

மறுத்துவிட்டேன். வட்டத்துக்குள் செவ்வகம் கட்டிக் குடியிருப்பதற்கு நான் பூச்சோங்கிலேயே ஒரு தொடர்வீடு வாங்கியிருக்கலாம். வட்டத்திலேயே அடுப்படி அமைப்பது என்று முடிவானது. அடுப்படி அலமாரி செய்கிறவர் கிள்ளானிலிருந்து வந்தார். நாடாவை விரித்து அளந்தார், இடம் மாறி மீண்டும் அளந்தார், தரையில் உட்கார்ந்து இன்னொரு முறை அளந்தார். ஒவ்வோர் அளவும் வேறாக வந்தது.

"வட்டம்கூட ஒழுங்கா இல்லியே, பாஸ்," என்று குத்தகைக்காரர் மனம் வருந்திச் சொன்னார். அலமாரிக்காரர் தம் கடையில் நேரான அலமாரிகள் அருமையாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனவர், பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை.

துணி அலமாரி ஒன்றை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து சுவரை ஒட்டி வைத்தோம். ஒட்டவில்லை. முதுகு நேர், சுவர் வளைவு. நடுவில் ஆள் நுழைய முடியாத, ஆனால் பொருள்கள் எல்லாம் தவறாமல் போய் விழக்கூடிய இடைவெளி. அதில் பல்லிகள் குடும்பம் குடும்பமாகக் குடியேறின. அவை மூலை கேட்கவில்லை. கட்டிலுக்கும் அதே கதை. ஏசி பொருத்த வந்தவர், சுவரில் மட்டப்பலகையை வைத்துப் பார்த்துவிட்டு, எந்தச் சுவர் நேராக இருக்கிறது என்று என்னையே கேட்டார். இந்த நாட்டில் விற்கும் எல்லாப் பொருள்களும் நேரான சுவரோடு சாய்ந்து நிற்பதற்காகவே செய்யப்படுகின்றன என்பதை இத்தனை வயதுக்குப் பிறகு தெரிந்துகொண்டேன்.

மூலைப் பிரச்சினைக்குத் துறை அறிஞரைக் கூப்பிடலாம் என்று நானேதான் சொன்னேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் மாடிக்குக் கீழே ஒருவர் இருந்தார். வாரநாளில் காப்புறுதி முகவர், வார இறுதியில் வாஸ்து நிபுணர். அவரையும் மனைவியையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். 'இந்தப் பக்கந்தான் தென்கிழக்கு, இங்கே அடுப்பை வையுங்கள்' என்று அவர் கையைக் காட்டிவிட்டால் போதும், அவள் மனம் ஆறிவிடும் என்பது என் கணக்கு.

அவர் கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்தார். கொஞ்சம் நகர்ந்தார். கைப்பேசியை உதறினார். பிறகு தண்டைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"சார், இங்க தெச நிக்கவே மாட்டேங்குது. நான் எந்தப் பக்கம் போனாலும் வடக்கு இந்தக் கம்பிதான்னு காட்டுது."

"அது இரும்பு. முள்ளை இழுக்கத்தான் செய்யும். வெளிய போய்ப் பாருங்க, உள்ளயும் அதே வடக்குத்தானே?"

வெளியே போய்ப் பார்த்தார். உள்ளே வந்து, செம்பனைத் தோட்டத்தை நோக்கி இருந்த சுவரைத் தொட்டார். "தென்கிழக்கு இதுதான். ஆனா சார், தெசய நான் காட்டிருவேன். மூலைய எப்படிக் காட்டுறது? இருந்தாத்தானே காட்ட முடியும்? அதவிடப் பெரிய விசயம் ஒன்னு இருக்கு. வீட்டோட நடு பிரம்மஸ்தானம். காலியா இருக்கணும். இங்க என்னடான்னா, நட்ட நடுவுல இம்மாம் பெரிய இரும்பு குத்திக்கிட்டு நிக்குது. இத எடுத்துருங்க. எடுத்துட்டா மூலை இல்லாத தோஷத்துக்கு வேற ஏதாவது பரிகாரம் பாக்கலாம்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். "தண்ட எடுத்துருங்க. நானும் கொஞ்சம் எறங்கி வரேன்."

அவள் இறங்கி வருவதாகச் சொன்னது அதுவே முதல் தடவை. என் நிபந்தனைகளில் முதலாவது அந்தத் தண்டுதான்.

மறுநாளே அந்தப் பெண் அதிகாரியின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"தண்ட எடுக்கணுமா? எடுக்கவே மாட்டேன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க, அங்கிள்?"

"திருத்த விண்ணப்பம் போடலாம்ல?"

"போடலாம். பொறியாளர் ரிப்போர்ட் இருக்கா?"

இருந்தது. மேலே இருக்கும் மரத்தொப்பியின் பாரத்தில் ஒரு பகுதியை அந்தத் தண்டுதான் தாங்குகிறது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. மறைக்கத் தெரியாதவனாகையால் எடுத்து நீட்டினேன். அவள் படித்தாள்.

"நீங்க என் எடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க, அங்கிள்?"

"நிராகரிப்பேன்."

"அப்ப?"

என் கோப்பை நானே மூடி எடுத்துக்கொண்டு எழுந்தேன். நல்ல அதிகாரி. அவள் மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

அன்று மாலை பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் சொன்னதும் என் மனைவி கத்தவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் நின்ற இடமே ஒரு மூலைதான். ஒரு கைக்கு எட்டும் தூரத்தில் அடுப்பு, மறுகைக்கு மசாலா டப்பாக்கள். இரு சுவர்களும் அவளுக்கு இரண்டு ஆள் மாதிரி துணை நின்றன.

"ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் முடியாது, முடியாதுன்னு சொல்லிச் சொல்லிப் பழகிட்டீங்க. இப்ப சொல்றதுக்கு ஆள் இல்ல. அதனால உங்களுக்கே சொல்லிக்கிறீங்க."

"அது பாதுகாப்பு விஷயம். தண்டு இல்லாட்டி கூரை..."

"தண்டு இருக்கட்டும். நீங்க போட்ட ரூல்சு, நீங்களே உள்ள போய் உக்காந்துக்குங்க."

உட்கார்ந்துகொண்டேன். வீம்பு என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் கிடையாது. மின்சாரமும் தண்ணீரும் வந்துவிட்டன; குடியேறத் தகுதிச் சான்றிதழும் தாமதமில்லாமல் வந்துவிட்டது. நடுத்தளத்தில், சுவருக்கு முதுகு ஒட்டாத கட்டிலில், தனியாகப் படுத்தேன். காலையில் மேருவுக்குப் போய் ரொட்டி சானாய், மதியம் எங்காவது தாப்பாவ் பண்ணி, பொட்டலமாகக் கொண்டுவந்த சோறு. கோபுரத்தைப் பார்த்த நண்பர்கள் கைப்பேசியில் படம் எடுத்து, இப்படி ஒரு வீட்டில் வாழக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். குறுகலான படிகளைத் தாண்டி யாரும் மேலே வரவில்லை.

வெள்ளிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் போனேன். கதவைத் திறந்தவள் "வாங்க" என்றாள். சாப்பாட்டு மேசையில் பூப்போட்ட பீங்கான் தட்டு இருந்தது. விருந்தாளிகளுக்கென்று கண்ணாடி அலமாரியில் இருக்கும் தட்டு அது. நான் இத்தனை வருடம் சாப்பிட்ட, ஓரம் நெளிந்த எவர்சில்வர் தட்டு எங்கே என்று கண்ணால் தேடினேன்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க."

"போதும்."

"மீன் இன்னொரு துண்டு வைக்கட்டா? கூச்சப்படாதீங்க."

கிண்டல் செய்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் உண்மையான மரியாதையோடுதான் கேட்டாள். சாப்பிட்டு முடித்ததும் வாசல்வரை வந்து, பார்த்துப் போங்க என்றாள். மோனோரயில் தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்க, காருக்குள் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தேன். ஓர் அதிகாரிக்கு மேல் முறையிட இன்னோர் அதிகாரி உண்டு. இந்த மரியாதைக்கு எதிராக எங்கே போய் முறையிடுவது?

அதற்கடுத்த சனிக்கிழமை காலையில் வெளியே பேச்சுக்குரல் கேட்டு மேல் தளத்துச் சன்னலில் எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் என் மனைவி. கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையைக் குத்தகைக்காரர் பிடித்திருந்தார். மூன்று, நான்கு, ஐந்து என்று கயிற்றில் முடிச்சுப் போட்டு, முக்கோணமாக இழுத்து, தரையில் முளையடித்துக்கொண்டிருந்தாள். கோலப்பொடியால் கோடு போட்டாள். என் கண் முன்னாலேயே மண்ணில் ஒரு செங்கோணம் உண்டானது.

படியிறங்கி ஓடினேன். "என்ன பண்றே?"

"அடுப்படி."

"கோபுரத்தோட ஒட்டி எதுவும் கட்டக் கூடாது."

"தெரியும். நீங்க எழுதுனத படிச்சேன். ஒட்டித்தானே கட்டக் கூடாது? நான் தள்ளிக் கட்டுறேன்."

"பாஸ், அக்கா மூலைமட்டம் பிடிச்ச மாதிரி என் ஆளுங்களுக்கே வராது," என்றார் குத்தகைக்காரர். அவர் எந்தக் கட்சி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இது கோபுரத்தோட தோற்றத்தையே கெடுத்துரும்," என்றேன். "பழைய கட்டடத்துக்குப் பக்கத்துல ஒரு தீப்பெட்டி."

"தீப்பெட்டியிலதான் அடுப்புப் பத்த வைக்க முடியும்."

தனிக்கட்டடத்துக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கோபுரத்துக்குத் தென்கிழக்கே, வாஸ்துக்காரர் தொட்ட சுவருக்கு நேர் எதிரே. வரைபடத்தை அவளே வரைகாகிதத்தில் போட்டு, முறைப்படி கையெழுத்திட ஆள் பிடித்து, தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தப் பெண் அதிகாரி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஆன்டியோட பிளான் ரொம்ப சுத்தமா இருக்கு, அங்கிள்" என்றாள். நிபந்தனை எதுவும் இல்லாமல் அனுமதி வந்தது. உப்பில்லாமல்.

அடுப்படி எழும்பியது. வெள்ளை ஓடு, அலுமினியச் சன்னல், நான்கு மூலை. பக்கத்தில் சாமான் அறை என்று ஒன்று வரைபடத்தில் இருந்தது. அதற்குச் சன்னலும் மின்விசிறியும் எதற்கென்று நான் யோசித்திருக்க வேண்டும். பால் காய்ச்சும் நாளன்று அதற்குள் ஒரு கட்டில் வந்து இறங்கியது. கட்டிலின் முதுகு சுவரோடு அப்பிக்கொண்டு நின்றது.

பால் பொங்கி வழிந்தது. வந்தவர்கள் அடுப்படியைப் புகழ்ந்தார்கள். இலையில் சாப்பிட்டுவிட்டு, "அந்த மில்லையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம்" என்று கோபுரத்துக்குள் போய், அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்கள், பத்துமலையில் குகையைப் பார்ப்பதுபோல. சொந்தக்காரர் ஒருவர் என் தோளைத் தட்டி, "வீடு அருமை, மச்சான். அந்தக் கோபுரத்த என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார்.

என் மனைவி பிரிக்பீல்ட்ஸ் வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டாள். நான் கேட்டது நடந்துவிட்டதாகத்தான் சொல்ல வேண்டும். அவள் அடுப்படிக் கட்டடத்தில் படுத்தாள், நான் காற்றாலையில் படுத்தேன். நடுவில் முற்றம். சாப்பாட்டு நேரத்துக்குக் குரல் கொடுப்பாள், போவேன். எவர்சில்வர் தட்டு திரும்பி வந்திருந்தது. "இங்கயே படுங்களேன், விசிறி நல்லா ஓடுது" என்று ஒரு தடவை சொன்னாள். அங்கே போய்ப் படுத்துவிட்டால் நான் வாங்கியது வீடு இல்லை, வெறும் செங்கல் குவியல் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். "இங்க காத்து நல்லா வருது" என்றேன். வரவில்லை. அவள் கோபுரத்தின் வாசலுக்கு அப்பால் காலெடுத்து வைக்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. பிரிக்பீல்ட்ஸுக்கும் மேருவுக்கும் இடையில் இருந்த தூரத்தை ஒரு முற்றமாகச் சுருக்கியிருந்தோம், அவ்வளவுதான். அந்த முற்றம் சுருங்க மறுத்தது.

மழைக்காலம் வந்தது. மாலையானால் வானம் உடைந்து கொட்டும். ஒருநாள் தேத்தண்ணியைத் தட்டால் மூடி ஒரு கையில் பிடித்து, மறுகையில் குடையோடு அவள் வந்துகொண்டிருந்தாள். முற்றத்துப் பாதியில் குடை பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. தட்டு பறந்தது. சேலை தொப்பலாக நனைந்து, குவளையில் முக்கால்வாசி மழைத்தண்ணீரோடு அவள் கோபுரத்து வாசல் நிலையடியில் வந்து நின்றாள். நான் துண்டை நீட்டினேன்.

"அங்கேருந்து இங்க வரைக்கும் ஒரு கூரை போட்டா என்ன?"

"போட முடியாது. போட்டா ரெண்டையும் இணைச்ச மாதிரி ஆயிரும். சட்டப்படி ஒரே கூரையில சேந்தா, அது ரெண்டு கட்டடம் இல்ல. ஒரே கட்டடம்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என்ன என்பது என் காதில் விழுந்தது. அவளுக்கு எனக்கு முன்னாலேயே விழுந்துவிட்டது. தலையைத் துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஒரே கட்டடமா?"

"ஆமா."

"அப்ப இதோட தென்கிழக்கு?"

"உன் அடுப்பு இருக்கிற எடந்தான்."

அவள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. மழையைத் தாண்டித் தன் அடுப்படியைப் பார்த்தாள், பிறகு என் தலைக்கு மேலே வளைந்த சுவரைப் பார்த்தாள். மாணவன் கரும்பலகையில் எழுதிய விடையைச் சரிபார்க்கும் பார்வை.

"வட்டமும் செவ்வகமும் சேந்தா கூட்டு வடிவம். அதுக்கு மூலை உண்டு." விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்து, "நடுவும் தள்ளிப் போயிரும். தண்டு நடுவுல இருக்காது" என்றாள். அதற்கப்புறம் என்னைப் பார்த்துச் சீறினாள். "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன? ஒரு வருசமா வாயில என்ன வச்சிருந்தீங்க?"

சட்டத்தில் கட்டடம் என்றால் என்ன என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். அது எனக்கு உதவும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அது மற்றவர்களை மறுப்பதற்காக நான் வைத்திருந்தது.

மீண்டும் அதே நாற்காலி. ஒட்டிக் கட்டக்கூடாது என்ற என் நிபந்தனையை நீக்கக் கோரி நானே எழுதிய விண்ணப்பத்தை, கோபுரத்தின் செங்கலில் ஓர் ஆணிகூட இறங்காமல் கூரை தன் கால்களிலேயே நிற்கும் என்ற வரைபடத்தோடு கொடுத்தேன். அந்தப் பெண் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தத் தடவ கண்டிஷன் ஒன்னும் எழுதலையா, அங்கிள்?"

"இல்லம்மா."

"உடம்பு நல்லா இருக்குல்ல?"

கூரை வந்துவிட்டது. அழகாக இல்லை. பேருந்து நிறுத்தத்தைப் போல இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கம்பீரமான ஒரு கோபுரத்தை யாரோ கடிவாளம் போட்டு ஓர் அடுப்படியில் கட்டி வைத்த மாதிரித் தெரிகிறது. கூரை முடிந்த அன்று சாயங்காலம் என் மனைவி அதன் கீழேயே நடந்து வந்தாள், கையில் குவளையோடு, நனையாமல். வாசலைத் தாண்டினாள். தண்டைக் கையால் தொட்டுப் பார்த்தாள். வளைந்து ஏறும் படிகளின் அடியில் நின்று, என் படுக்கை இருக்கும் தளத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒரு படியில் கால் வைத்தாள்.

"கைப்பிடி எங்க?"

"இன்னும் போடல."

"என் முழங்காலுக்குக் கைப்பிடி இல்லாம ஏற முடியாது. போட்டுட்டுக் கூப்பிடுங்க."

குவளையை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

வளைந்த கைப்பிடி செய்கிறவர்களைக் கிள்ளான் முழுக்கத் தேடினேன். எல்லாரிடமும் நேரான குழாய்தான் இருக்கிறது. வளைக்க வேண்டுமானால் வெளியே அனுப்ப வேண்டும், பல வாரம் ஆகும் என்றார்கள். கடைசியில் குத்தகைக்காரரைக் கூப்பிட்டேன்.

"நேர்க் குழாய துண்டு துண்டா வெட்டி, கோணல் மாணலா ஒட்டிக் குடுக்கலாம், பாஸ். பாக்க அசிங்கமாத்தான் இருக்கும். நீங்க ஒத்துக்க மாட்டீங்க."

அழகைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை. நாளைக்கு வர முடியுமா என்று மட்டும் கேட்டேன்.